தோட்டக் குளத்தில் எத்தனை மீன் விடலாம்?

குளம் கட்டித் தண்ணீர் நிரப்பிய அன்றே எல்லாருக்கும் எழும் கேள்வி இது. நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். சதுர அடிக்கு இத்தனை என்பார் ஒருவர். நூறு லிட்டருக்கு ஒன்று என்பார் இன்னொருவர். "இடம் தாராளமா இருக்கே, இன்னும் பத்து விடலாம்" என்பார் மீன் விற்பவர். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே நினைப்புதான் இருக்கிறது: மீனுக்கு வேண்டியது நீந்த இடம், அதனால் இடத்தை அளந்தால் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 600 லிட்டர் பிடிக்கும் சின்ன சிமெண்ட் குளம். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி, மறுநாளே விரல் நீளத்தில் பன்னிரண்டு தங்கமீன்களை விட்டேன். அடியில் கிடந்த கூழாங்கல்லின் கோடுகூடத் தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். பன்னிரண்டு மீனும் சுற்றிச் சுற்றி ஓடியும் பாதிக் குளம் காலியாகவே தெரிந்தது. ஏழாம் நாள் காலையில் இரண்டு மீன் பக்கவாட்டில் மிதந்தன. பத்தாம் நாள் மிஞ்சியவை நான்கு. தண்ணீர் அப்போதும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "தண்ணி நல்லாத்தானே இருக்கு?"

நன்றாக இல்லை. கண்ணுக்குத் தெரியாத வகையில் கெட்டுப்போயிருந்தது. அது எப்படி என்று புரிந்துவிட்டால் எத்தனை மீன் விடலாம் என்ற கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

## கழிவு போக வழியில்லாத வீடு

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கூடம், ஆறு அறை. ஆனால் கழிவுநீர் வெளியே போகக் குழாய் இல்லை, குப்பை அள்ள ஆளும் இல்லை. இந்த வீட்டில் எத்தனை பேர் தங்கலாம்? படுக்கும் இடத்தை அளந்து இருபது பேர் என்று கணக்குப் போடலாம். மூன்றாம் நாள் அந்தக் கணக்கு நாறிவிடும்.

தோட்டக் குளம் அப்படி ஒரு வீடு. ஆற்று மீனின் கழிவை ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். ஏரியில் ஒரு மீனுக்குக் கிடைக்கும் தண்ணீரும் மண்ணும் செடியும் ஏராளம். தோட்டக் குளமோ நாலு பக்கமும் அடைத்த பாத்திரம். அதில் போடும் தீனியில் கொஞ்சம் மீனின் உடம்பில் சதையாகிறது. மிச்சமெல்லாம் உருமாறித் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. அதை வெளியேற்ற யாராவது வேலை செய்ய வேண்டும்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். இந்தக் குளத்தில் எத்தனை மீன் நீந்தலாம் என்பதை விட்டுவிட்டு, இந்தக் குளம் ஒரு நாளில் எவ்வளவு கழிவைச் செரிக்கும் என்று கேளுங்கள்.

## மூன்று பெயர்கள்: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட்

இந்த மூன்றையும் கலந்து கட்டிப் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தீனியில் உள்ள புரதத்தை மீன் செரிக்கும்போது மிஞ்சும் நச்சுக் கழிவு அம்மோனியா. நிறமில்லை. தண்ணீரில் முழுதாகக் கரைந்துவிடும். மீன் இதைப் பெரும்பாலும் எச்சமாகப் போடுவதில்லை, செவுள் வழியாகவே வெளியே விடுகிறது. நாம் மூச்சு விடுவதுபோல அது பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். அடியில் கிடக்கும் எச்சத்தை வலை போட்டு அள்ளினால் குளம் சுத்தமாகிவிடும் என்று சிலர் நினைப்பது இதனால்தான் தப்பு. அள்ளுவது நல்லது, ஆனால் முக்கால்வாசிப் பிரச்சினை ஏற்கெனவே கரைந்து போயிருக்கும். மீன் தின்னாமல் விட்ட தீனி, உதிர்ந்த இலை, செத்த பூச்சி எல்லாம் அழுகி இதையேதான் தரும்.

எவ்வளவு வரும்? 35 சதவீதம் புரதம் உள்ள தீனி 100 கிராம் போட்டால் சுமார் 3 கிராம் அம்மோனியா உண்டாகும். என் பழைய குளத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலையும் மாலையும் சேர்த்து நாளைக்கு 5 கிராம் தீனி போட்டேன். அதிலிருந்து 150 மில்லிகிராம் அம்மோனியா. 600 லிட்டரில் பங்கு போட்டால் நாளொன்றுக்கு லிட்டருக்கு கால் மில்லிகிராம் ஏறும். ஆறு நாளில் ஒன்றரை மில்லிகிராம். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் நச்சு வடிவில் இருக்கும் அம்மோனியா லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வந்தாலே செவுள் புண்ணாகத் தொடங்கும்.

நச்சு வடிவம் என்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வேஷம் போடும். ஒன்று கொடியது, மற்றது அவ்வளவு கெடுதல் செய்யாதது. எந்த வேஷம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது பிஹெச், அதாவது தண்ணீர் அமிலத்தன்மை உடையதா காரத்தன்மை உடையதா என்று சொல்லும் அளவு. 7 நடுநிலை, அதற்கு மேல் போனால் காரம். 25 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் அளவே நச்சு வடிவில் இருக்கும். 8 ஆனால் 5 சதவீதம். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கசியவிட்டுப் பிஹெச்சை 9-க்கு மேலேகூடத் தூக்கிவிடும். என் குளத்தில் நடந்தது இதுதான்: ஏறிய அம்மோனியாவை ஏறிய பிஹெச் பல மடங்கு கொடியதாக்கிவிட்டது. சிமெண்ட் குளத்தைப் பலமுறை நிரப்பி, ஊறவைத்து, வடித்துவிட்டுத்தான் மீன் விட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இப்போது துப்புரவுப் படை வருகிறது. அம்மோனியாவையே சாப்பாடாகக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் இயற்கையில் எங்கும் இருக்கின்றன. நாம் வாங்கி விடாவிட்டாலும் அவையாகவே குளத்துக்கு வந்து சேரும். முதல் வகை அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், வேறு விதத்தில். அது மீனின் ரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் பொருளை வேலை செய்யவிடாமல் ஆக்கும். பேருந்து ஓடுகிறது, கதவு மட்டும் பூட்டிக் கிடக்கிறது, யாரும் ஏற முடியவில்லை என்பதுபோல. தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், மீனோ மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பேறியிருக்கும்.

இரண்டாவது வகை பாக்டீரியா நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்கும். இது ஓரளவு சாது. லிட்டருக்கு 40, 50 மில்லிகிராம் வரை குளத்து மீன்கள் தாங்கிக்கொள்ளும். செடிகளுக்கும் பாசிக்கும் இது உரம். அல்லியும் நீர்ச்செடிகளும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மீதியை நாம்தான் தண்ணீர் மாற்றி வெளியேற்ற வேண்டும். வெயிலில் ஆவியானதற்கு ஈடாக ஊற்றுவது தண்ணீர் மாற்றுவது ஆகாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், நைட்ரேட் அங்கேயே நிற்கும். பழைய தண்ணீரைக் கொஞ்சம் இறைத்து வெளியே கொட்டினால்தான் அது போகும். கொட்டியதைத் தோட்டத்துக்கே விடலாம், செடிகள் கொண்டாடும்.

மண்ணில் இப்படி அம்மோனியாவைத் தின்று பிழைக்கும் பாக்டீரியாக்கள் இருப்பதை வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890 வாக்கிலேயே பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் பழைய சேதி. மீன் விற்கும் இடங்களுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

இதுவரை பார்த்தது: தீனி அம்மோனியாவாகிறது, அம்மோனியா நைட்ரைட்டாகிறது, நைட்ரைட் நைட்ரேட்டாகிறது. முதல் இரண்டும் மீனைக் கொல்லும், மூன்றாவதை நாம் சமாளிக்கலாம். மாற்றும் வேலை பாக்டீரியாவுடையது.

## படை எங்கே குடியிருக்கிறது

தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மிதப்பவை கொஞ்சம்தான். இந்தப் பாக்டீரியாக்கள் எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழும்: குளத்துச் சுவர், கூழாங்கல், செடியின் வேர், எல்லாவற்றையும்விட ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சு. ஃபில்டர் என்றால் அழுக்கை வடிகட்டும் பெட்டி என்று மட்டும் எண்ண வேண்டாம். பஞ்சின் ஆயிரக்கணக்கான சிறு துளைகள் பாக்டீரியாவுக்கு வீடு. பம்ப் அந்த வீட்டு வாசல் வழியாகக் கழிவுத் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கிறது.

ஓடி முதிர்ந்த ஃபில்டரின் பஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் வழவழவென்று இருக்கும். மழை பெய்த மண்ணின் வாசனை வரும். அழுகல் நாற்றம் வந்தால் உள்ளே காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். அந்த வழவழப்புதான் படை. பஞ்சு வெள்ளையாகும்வரை குழாயடியில் பிழிந்து அலசுகிறவர்கள் அதைச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். நானும் ஒருமுறை இந்த வேலையைச் செய்துவிட்டு, பெருமையாக வெயிலில் வேறு காயப்போட்டேன். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரின் நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பார்ப்பதில்லை. ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே எடுத்து, அதில் பஞ்சை இரண்டு தடவை அழுத்திப் பிழிந்தால் போதும். அடைப்பு நீங்கும், குடித்தனம் கலையாது.

இன்னொன்று, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில் பம்பை நிறுத்துவது. அந்தப் பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஓட்டம் நின்றால் மூடிய ஃபில்டருக்குள் சில மணி நேரத்தில் அது தீர்ந்து, படை சாகத் தொடங்கும். காலையில் பம்பைப் போட்டதும் செத்தது எல்லாம் குளத்துக்குள்ளேயே வந்து விழும்.

## புதுக் குளத்துக்கு வேண்டிய வாரங்கள்

பாக்டீரியா தானாக வரும் என்றேன். ஆனால் மெதுவாக வரும். இவை பெருகும் வேகம் மற்ற பல பாக்டீரியாக்களைவிட மிகக் குறைவு. அதிலும் இரண்டாவது வகைக்கு நைட்ரைட் வந்தால்தானே சாப்பாடு? முதல் வகை வேலையை ஆரம்பித்த பிறகுதான் இரண்டாவது வகை பந்தியில் உட்காரும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் வழக்கமாக நடப்பது இப்படி: முதல் ஓரிரு வாரம் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் நைட்ரைட் உச்சிக்குப் போகும். அப்புறம் அதுவும் இறங்கி நைட்ரேட் தலைகாட்டும். மொத்தம் நான்கிலிருந்து எட்டு வாரம். குளிர்ந்த தண்ணீரில் இன்னும் நீளும், 10 டிகிரிக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட நின்றேவிடும். இந்தக் காலத்தைத்தான் குளம் பழகுவது என்கிறோம்.

மீன் இல்லாமலே பழக்கலாம். குளத்தில் ஃபில்டரை ஓடவிட்டு, நாளும் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டுவாருங்கள். அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியா அதைத் தின்று பெருகும். கொல்வதற்கு அங்கே மீனே இல்லை. நோயில்லாத பழைய குளம் யாரிடமாவது இருந்தால், அவர்கள் ஃபில்டரில் ஊறிய பஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் வாங்கி வந்து உங்கள் ஃபில்டரில் போடுங்கள், வாரங்கள் குறையும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைப் பற்றிக் கேட்பீர்கள். சில வேலை செய்கின்றன, சில வெறும் பழுப்புத் தண்ணீர். எதை வாங்கினாலும் சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

சோதிப்பது என்றால் டெஸ்ட் கிட். சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச், நான்கும் பார்க்க வேண்டும். குளத்துக்கு வாங்கும் பொருள்களில் நீரூற்றுப் பொம்மையைவிட இது முக்கியம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்றால் குளம் பழகிவிட்டது.

தண்ணீர் தெளிவாக இருப்பது எதையும் நிரூபிக்காது என்பதும் இப்போது விளங்கும். அம்மோனியாவுக்கு நிறமில்லை. பச்சைப் பசேலென்று பாசி கலங்கிய பழைய குளத்தில் மீன்கள் கொழுத்துத் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். பாசியும் அம்மோனியாவைத் தின்னும். அந்தப் பச்சைத் தண்ணீருக்கு வேறொரு குணம் உண்டு, அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

## நீளக் கணக்கில் உள்ள ஓட்டை

மீன் வளர்ப்பில் அதிகம் புழங்கும் விதி: ஒரு சதுர அடி நீர்ப்பரப்புக்கு இரண்டரை செ.மீ. மீன். பரப்பை வைத்துச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, காற்றும் தண்ணீரும் தொடும் இடம் அதுதான். மீனை நீளத்தால் அளப்பதில்தான் ஓட்டை.

3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 75 செ.மீ. ஆழம் உள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் 4500 லிட்டர். கரை சரிவாக இருக்கும், கல்லும் செடித் தொட்டியும் இடம் பிடிக்கும், ஆகவே 4000 என்று வைத்துக்கொள்வதே நல்லது. பரப்பு சுமார் 65 சதுர அடி. விதிப்படி 160 செ.மீ. மீன் விடலாம்.

5 செ.மீ. குஞ்சு என்றால் முப்பத்திரண்டு. 20 செ.மீ. மீன் என்றால் எட்டு. இரண்டுக்கும் நீளம் ஒன்றுதான். ஆனால் மீன் வளரும்போது நீளம் மட்டுமா கூடுகிறது? அகலமும் உயரமும் கூடவே வளரும். நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு. நான்கு மடங்கானால் அறுபத்துநான்கு மடங்கு. ஆகவே அந்த எட்டுப் பெரிய மீன்களின் மொத்த எடை, முப்பத்திரண்டு குஞ்சுகளின் எடையைப்போல் பதினாறு மடங்கு. நாடாவை வைத்து அளந்தால் இரண்டும் ஒன்று, கழிவைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். (எடைக்கு எடை பார்த்தால் குஞ்சு அதிகம் தின்னும், அதனால் கழிவில் வித்தியாசம் பதினாறுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கணக்கின் போக்கு மாறாது.)

இதைவிடப் பெரிய வம்பு, அந்த முப்பத்திரண்டு குஞ்சும் குஞ்சாகவே இருக்கப் போவதில்லை. குளத்தில் சாதாரணத் தங்கமீன் 20 செ.மீ. எளிதாக எட்டும், 30 தொடுவதும் உண்டு. பத்து, இருபது ஆண்டு வாழும். கோய் என்ற வண்ணக் கெண்டை மீன் 60 செ.மீ. தாண்டும், சில 90 வரை போகும், இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் வாழும். இன்று உள்ளங்கையில் அடங்குவதை வைத்துக் கணக்குப் போட்டால் மூன்றாம் ஆண்டு குளம் திணறும்.

"பாத்திரத்தின் அளவுக்குத்தான் மீன் வளரும்" என்பார்கள். பார்த்தால் உண்மை மாதிரியே இருக்கும். சின்ன இடத்தில் கழிவு தேங்கி, மீன் வளர்ச்சி குன்றி நிற்கிறது, அவ்வளவுதான். குன்றிய மீன் சீக்கிரம் சாகும்.

## விடியற்காலைக் கணக்கு

கழிவுக்கு அடுத்த எல்லை மூச்சு. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடியது 9 மில்லிகிராம். மீன் வாழ்வது அந்தச் சிட்டிகையை நம்பி. தண்ணீர் சூடாகச் சூடாக அது இன்னும் குறையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனின் உடம்பு வேகமாக ஓடும், ஆக்சிஜன் தேவை ஏறும். வரவு குறையும்போது செலவு கூடுகிறது. கோடையில் மீன் அதிகம் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பச்சைத் தண்ணீரின் குணம் என்றேனே, அது இங்கேதான். செடியும் பாசியும் பகலில் வெளிச்சம் இருக்கும்வரை ஆக்சிஜனைத் தரும். இருட்டியதும் அவையும் மீனைப்போல மூச்சு விடும், ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். இரவெல்லாம் செலவு, வரவு இல்லை. அதனால் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடிவதற்குச் சற்று முன். சாயங்காலம் துள்ளித் திரிந்த மீன்கள் காலையில் கூட்டமாகச் செத்து மிதந்தால், யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படும் முன் இதை யோசியுங்கள். ஒருநாள் அலாரம் வைத்து விடியுமுன் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். மீன்கள் நீர்மட்டத்தில் வாயை வைத்துக் காற்றைக் குடிப்பதுபோல் நின்றால், குளம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. மாலை ஐந்து மணிக்கு அழகாகத் தெரிவதை வைத்து மீன் எண்ணிக்கையை முடிவு செய்யக் கூடாது.

இதற்கு ஏர் பம்ப் போடலாம், சிறு அருவி விழவைக்கலாம். குமிழி தண்ணீருக்குள் ஆக்சிஜனை ஊட்டுகிறது என்று நினைப்போம். குமிழி போகிற போக்கில் தருவது கொஞ்சம். அது மேலே வந்து உடையும்போது அடித்தண்ணீரை மேலே இழுத்து, பரப்பைக் கலக்குகிறதே, அந்தக் கலக்கத்தில்தான் காற்று கரைகிறது. ஆகவே இரவில் நிறுத்தக் கூடாத இன்னொரு பொத்தான் இது. மேற்பரப்பு முழுவதையும் செடி மூடவிடாதீர்கள். பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு நிழல் போதும்.

இரண்டு எல்லைகள் ஆயிற்று: ஒரு நாளில் பாக்டீரியா செரிக்கும் கழிவு, விடியற்காலையில் மிஞ்சும் ஆக்சிஜன். இரண்டில் எது முதலில் முட்டுகிறதோ, அதுதான் உங்கள் குளத்தின் கொள்ளளவு.

## சரி, எத்தனை?

மேலே சொன்ன 4000 லிட்டர் குளத்தில், நன்றாக ஓடும் ஃபில்டர் இருந்தால், நான் ஆறு தங்கமீன் விடுவேன். எட்டு விட்டாலும் தாங்கும். ஆறு என்பதற்குக் காரணம், அவை இனம் பெருக்கும் வேலையை நம்மைக் கேட்டுச் செய்வதில்லை. ஒரு பெண்மீன் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பெரும்பாலான முட்டைகளை அவையே தின்றுவிடும், ஆனால் ஒன்றிரண்டு தப்பிக்கும். வருகிறவர்களுக்கும் இடம் வேண்டும்.

ஆறையும் ஒரே நாளில் விட மாட்டேன். பாக்டீரியா கிடைக்கும் சாப்பாட்டுக்கு ஏற்ற எண்ணிக்கையில்தான் இருக்கும். இரண்டு மீனுக்குப் பழகிய குளத்தில் திடீரென்று ஆறு வந்தால், படை பெருகி ஈடுகொடுக்கும்வரை அம்மோனியா ஏறும். இரண்டு விடுங்கள். மூன்று, நான்கு வாரம் சோதித்துப் பாருங்கள். பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றால் அடுத்த இரண்டு.

தினமும் கையிலிருக்கும் கட்டுப்பாடு தீனி. எண்ணிக்கை ஒன்றுதான் கழிவை முடிவு செய்கிறது என்று நினைக்காதீர்கள். ஆறு மீனுக்கு அள்ளி அள்ளிப் போடுகிற குளம், பத்து மீனுக்கு அளந்து போடுகிற குளத்தைவிட மோசமாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். மீன் பசியோடு ஓடி வருகிறதே என்று இரங்காதீர்கள். அது ஆளைப் பார்த்தாலே ஓடி வரும்.

## எந்த மீன்

தோட்டக் குளத்துக்குப் புதியவர் என்றால் தங்கமீனே போதும், அதிலும் ஒற்றை வால் உள்ள நீள உடம்புக்காரன். குளிரையும் சூட்டையும் தாங்கும். உருண்டை உடம்பும் இரட்டை வாலும் பிதுங்கிய கண்ணும் உள்ள அலங்கார வகைகள் பார்க்க அழகு, ஆனால் வேகமாக நீந்த முடியாது. ஓடியாடும் மீன்களோடு விட்டால் தீனிக்குப் போட்டி போட முடியாமல் மெலியும்.

கோய் வேறு சமாச்சாரம். 60 செ.மீ. வளர்ந்த ஒரு கோய் மூன்று, நான்கு கிலோ எடை வரும். 20 செ.மீ. தங்கமீன் சுமார் 150 கிராம். ஒரு கோய் விடுவது இருபதுக்கு மேற்பட்ட தங்கமீனை விடுவதற்குச் சமம். அதற்கு ஆழமும் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும், செடிகளையும் பிடுங்கித் தின்னும். நம் 4000 லிட்டர் குளத்துக்கு நான் ஒன்றுகூடச் சொல்ல மாட்டேன்.

டேங்க் கிளீனர் என்று ஒரு மீனை விற்பார்கள். பாசியைச் சப்பித் தின்னும், குளம் சுத்தமாகும் என்று நம்பி வாங்குவோம். அது தின்ற பாசி அதன் செவுள் வழியாக அம்மோனியாவாகத் திரும்பி வரும். சுத்தம் செய்யும் மீன் என்று எதுவும் கிடையாது. அந்த மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் பலர் ஆற்றிலும் ஏரியிலும் கொண்டுபோய் விட, பல நாடுகளில் உள்ளூர் மீன்களுக்கு அது பெரிய தொல்லையாகிவிட்டது. தங்கமீனையும் அப்படி விடக் கூடாது.

## பையில் வரும் விருந்தாளி

மீன் வரும் பையை அப்படியே குளத்தில் கவிழ்க்காதீர்கள். கட்டிய பையை இருபது நிமிடம் குளத்தில் மிதக்கவிடுங்கள், வெப்பம் சமமாகும். பிறகு பையைத் திறந்து, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் பயணம் முழுக்கச் சேர்ந்த கழிவு. அதைச் செடிக்கு ஊற்றலாம், குளத்துக்கு வேண்டாம்.

ஏற்கெனவே மீன் இருக்கும் குளம் என்றால், புதியதை இரண்டிலிருந்து நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது நல்லது. உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி வரும் நோய் ஒன்று போதும், குளம் முழுக்கப் பரவ. தனித் தொட்டிக்கும் பழகிய பஞ்சு வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

என் முதல் குளத்தில் மிஞ்சிய நான்கும் பிறகு பெரிய குளத்துக்கு மாறின. இப்போது ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். அவற்றில் ஒன்று பெண் என்பது போன வருடம்தான் தெரிந்தது, அல்லி இலைக்கு அடியில் குஞ்சுகள் ஒளிந்து திரிந்தபோது. எண்ணியதில் பதினொன்று. இரண்டை வைத்துக்கொள்வதாக முடிவு. மற்ற ஒன்பதையும் கேட்டு வந்தவரிடம் அம்மோனியா எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். சோதித்ததில்லை என்றார். கிட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், குஞ்சுகள் இன்னும் என் தொட்டியில்தான் இருக்கின்றன.